82 காசு மாறிலி: ராசிபுரம் வட்டாரத்து வீட்டு இணையக் கட்டணங்கள் குறித்து ஓர் ஆய்வு

இந்த ஆய்வு ஒரு சனிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது பிறந்தது. பெங்களூரு கம்பெனி ஒன்றுக்கு எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் மகன், "அப்பா, நம்ம லைன் பத்தாது. 300 எம்பிபிஎஸ்ஸுக்கு மாத்திரலாம்" என்றான். அவன் அம்மா, "இருக்கற லைனுக்கு என்ன கேடு? சீரியல் நல்லாத்தான ஓடுது" என்றாள். இரு தரப்பும் என்னைப் பார்த்தன. முப்பத்தொரு வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதியவன் நான். கூட்டிக் கழித்துப் பார்க்காமல் வாய் திறக்கும் வழக்கம் இல்லை. கூட்டிக் கழிப்பதற்குள் சாம்பார் ஆறிப்போனது. அன்று மாலையே கடைவீதியில் நூறு பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, 'இணையம்: வரவு, செலவு, பயன்' என்று தலைப்பிட்டேன். எட்டு மாதம் ஆயிற்று. நோட்டில் இன்னும் ஆறு பக்கம் மீதி.

முதலில் ஆய்வுக்களம். ராசிபுரம் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் ஏறத்தாழ நடுவில், நெய்க்குப் பேர் போன ஊர். 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை நாங்கள் சேலத்தார். இப்போதும் துணி எடுக்கச் சேலம், முட்டை விலை கேட்க நாமக்கல் என்று இரண்டு பக்கமும் கால் வைத்தே நிற்கிறோம். ஆகவே இங்கே கண்ட முடிவுகள் இரு மாவட்டத்துச் சமவெளிக்கும் பொருந்தும். கொல்லிமலையும் ஏற்காடும் நீங்கலாக. அங்கே ஏறி ஆராய முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

முன்னோர் ஆய்வுகள் என்று பார்த்தால், இப்பொருளை முன்பே ஆய்ந்தவர்கள் பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இருவர். இருவரும் வேறு வேறு முடிவுக்கு வந்து, இப்போது பேசிக்கொள்வதில்லை.

பழைய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுக்கத் தொடங்கியது. அது நம் ஊர்ப்பக்கம் வந்து சேர்ந்தபோது 'பிரவுசிங் சென்டர்' என்ற பெயரில் வந்தது. பலகையால் தடுத்த அறை, பிளாஸ்டிக் நாற்காலி, மணிக்கணக்கில் கட்டணம். ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் காலையில் அந்தக் கடை வாசலில் நின்ற கூட்டம் மாரியம்மன் பண்டிகைக்கு நிற்கும் கூட்டத்துக்குக் குறைந்ததல்ல. நாமக்கல் வட்டாரத்துப் பள்ளிகளில் படிக்கவைக்க வெளியூரிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட பெற்றோர் எல்லாம் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். ஒரு பக்கம் திறக்க ஐந்து நிமிடம், அதற்குள் மூன்று பேருக்கு மயக்கம். இன்றைய கட்டணத் திட்டங்களுக்கு முன்னோடி அந்தக் கடைதான். கடைக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பார், நாம் திரையைப் பார்ப்போம். அவர் பார்த்தது மட்டும் நிற்காமல் ஓடும்.

அதன் பிறகு இலக்கணம் வந்தது. 2004-இல் நடுவண் அரசு வகுத்த அகலக்கற்றைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட்டுக்குக் குறையாமல் வந்தால்தான் அது அகலக்கற்றை என்றது. 2013-இல் அதை 512 ஆக்கினார்கள். 2023 ஜனவரியில் 2 மெகாபிட் ஆக்கினார்கள். 19 ஆண்டில் ஏறத்தாழ எட்டு மடங்கு. இந்த எட்டு என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைக்கவும். மீண்டும் வருகிறது.

அந்த 256 என்பது எத்தகையது என்று இளைய தலைமுறைக்குத் தெரியாது. அக்காலத் திட்டம் ஒன்றில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது என்று ஒரு சலுகை இருந்தது. அலாரம் வைத்து எழுந்து மோடத்தைப் போட்டுவிட்டுப் படுத்த இளைஞர்கள் இந்த ஊரில் ஏராளம். கிடைப்பது 256 என்றே கொண்டால், 700 எம்பி அளவுள்ள ஒரு குறுந்தகடு (வீட்டில் 'பாடத்துக்கு வேணும்' என்று சொல்லப்பட்டது) இறங்க 6 மணி 13 நிமிடம் ஆகும். சலுகையோ சரியாக 6 மணி நேரம். படத்தின் கடைசிக் காட்சிக்கு மட்டும் 13 நிமிடம் குறையும். ஒரு தலைமுறையே வில்லன் இறந்தானா என்று தெரியாமல் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனது.

இனி அளவைகள். இங்கேதான் பேரேட்டுக்காரனின் கை துடிக்கிறது.

நம் பாட்டிமார் தானியம் அளந்த முறையில் 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. ஆக 8 ஆழாக்கு ஒரு படி. கணினிக்காரர்கள் வைத்திருப்பதும் இதே கணக்குத்தான், 8 பிட் ஒரு பைட். பிட் என்பது ஆழாக்கு, பைட் என்பது படி. விற்பவர் ஆழாக்கில் அளந்து சொல்கிறார். நாம் வாங்கும் படம், பாட்டு, பைல் எல்லாம் படியில் எழுதியிருக்கிறது. 100 எம்பிபிஎஸ் என்று போர்டில் கொட்டை எழுத்தில் போட்டால், நொடிக்கு நூறு படி வரும் என்று நாம் சாக்கை விரித்துக்கொண்டு நிற்கிறோம். வருவது பன்னிரண்டரைப் படி. ஆங்கிலத்தில் இந்த இரண்டையும் பிரித்துக்காட்டச் சின்ன பி, பெரிய பி என்று வைத்திருக்கிறார்களாம். தமிழில் எழுத்துக்குச் சின்னது பெரியது கிடையாது. எனவே தமிழில் நோட்டீஸ் அச்சடித்த மறுகணமே ஆழாக்கும் படியும் ஒன்றாகிவிடுகின்றன. தமிழர்கள் எட்டில் ஒரு பங்கு வேகத்தோடு வாழ்வதற்கு நம் எழுத்துச் சீர்திருத்தவாதிகளே பொறுப்பு என்று இந்த ஆய்வாளன் கருதுகிறான். மளிகைக் கடைக்காரர் ஆழாக்கைக் காட்டிப் படி என்று விற்றால் எடையளவு ஆய்வாளர் வந்து நிற்பார். இங்கே யாரும் வருவதில்லை. காரணம், நோட்டீஸில் பொய் எதுவும் இல்லை. ஆழாக்கு என்றுதான் போட்டிருக்கிறார்கள். படித்தவன் தப்பு.

அடுத்து 'வரை' என்ற சொல். '100 எம்பிபிஎஸ் வரை' என்பதில் வரும் இந்த இரண்டெழுத்துக்கு உரையாசிரியர் யாரும் இதுவரை உரை எழுதவில்லை. வரை என்றால் எல்லை, மலை, எழுது என்று ஏவுதல் எனப் பல பொருள். நோட்டீஸில் உள்ளது மலை என்ற பொருள் என்பதே என் துணிபு. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. காரவள்ளியில் நின்றுகொண்டு மேலே இருக்கிறது மலை என்று கைகாட்டுவது பொய்யாகாது. ஆனால் பாதி வளைவில் வண்டி சூடேறி நின்றுவிட்டால் நாம் இருப்பதும் மலைதான். வரை என்றால் அதுதான்.

மலையில் வண்டி ஏன் நிற்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. கேபிள்காரர் அலுவலகத்திலிருந்து கிளம்பும் ஒரு கண்ணாடி இழை நேரே நம் வீட்டுக்கு வருவதில்லை. வழியில் ஸ்ப்ளிட்டர் என்ற பிரிப்பானில் பிரிந்து பல வீட்டுக்குப் போகிறது. ஜிபான் என்று அந்தத் தொழிலில் பரவலாகச் சொல்லும் முறையில் ஓர் இழையில் கீழிறங்கும் மொத்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2488 மெகாபிட். அதை 64 வீட்டுக்குப் பிரித்து, எல்லாரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுத்தால் தலைக்கு 39 கூட வராது. இது கல்யாணப் பந்திக் கணக்கு. ஐந்நூறு பத்திரிகை கொடுப்பார்கள், நூற்றைம்பது இலை போடுவார்கள், எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கல்யாணம் நடக்கிறது. இரவு எட்டரை மணிக்கு எங்கள் தெருவே ஒரே பந்தியில் உட்காருகிறது. அப்போது பாயசம் வந்து சேராது. திட்டமிட்டு யாரும் ஏமாற்றவில்லை, பசிக்கும் நேரம் எல்லாருக்கும் ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது இந்த ஆய்வின் தலையாய கண்டுபிடிப்புக்கு வருகிறேன். 2020 செப்டம்பர் தொடங்கிச் சில வாரங்களுக்குள் கண்ணாடி இழைக் கட்டணத்தில் பெரிய விலைப்போர் நடந்தது. ஜியோ 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் என்றது. ஏர்டெல் 499-க்கு 40 என்றது. பி.எஸ்.என்.எல். 449-க்கு 30 என்றது. எல்லா விலையும் ஒன்பதில் முடிவதைக் கவனிக்க. இதைப் பாட்டா செருப்புக்கடை மரபு என்று நம் பெரியவர்கள் எப்போதோ வகைப்படுத்திவிட்டார்கள், அதில் புதுமை இல்லை. புதுமை வரியில் இருக்கிறது. மேலே சொன்ன விலை எதிலும் ஜி.எஸ்.டி. சேரவில்லை. 18 சதவீதம் சேர்த்து என் நோட்டில் எழுதினேன். 399 என்பது 470 ரூபாய் 82 காசு. 449 என்பது 529 ரூபாய் 82 காசு. 499 என்பது 588 ரூபாய் 82 காசு. பேனா நின்றது. ஜியோ அப்போது 300 எம்பிபிஎஸ்ஸுக்கு வைத்த 1499-ஐப் போட்டேன். 1768 ரூபாய் 82 காசு. நடு இரவில் மனைவியை எழுப்பிச் சொன்னேன். அவள் சொன்னதை ஆய்வுக் கட்டுரையில் எழுத இயலாது.

இதற்கு நிறுவல் எளிது. ஐம்பதின் மடங்காக உள்ள ஒரு தொகையில் ஒரு ரூபாயைக் குறைத்துத்தான் இந்த விலைகள் எல்லாம் வைக்கப்படுகின்றன. ஐம்பதுக்கு வரி சேர்த்தால் 59 ரூபாய், காசு ஒட்டாத முழு எண். அதன் எந்த மடங்கும் முழு எண். குறைத்த ஒரு ரூபாய்க்கு வரி சேர்த்தால் 1 ரூபாய் 18 காசு. முழு எண்ணிலிருந்து 1.18-ஐக் கழித்தால் மிஞ்சும் காசு என்றென்றும் 82. வரி 18 சதவீதமாக இருக்கும் காலம்வரை, எந்தக் கம்பெனி எந்த வேகத்தை விற்றாலும் பில் 82 காசில்தான் முடியும். இதற்கு 'ராசிபுரம் மாறிலி' என்று பெயரிடுகிறேன்.

மாறிலியின் பயன்பாட்டுப் பக்கம் இன்னும் சுவையானது. எங்கள் கேபிள்காரர் திட்டம் 499. பில் 588.82. பணம் வாங்க வரும் தம்பி கேட்பது 590. 'சில்லறை இல்லைங்க.' வித்தியாசம் எவ்வளவு? 1 ரூபாய் 18 காசு. அதாவது 500-ஐ 499 ஆக்கி நமக்கு விட்டுக்கொடுத்தார்களே அந்த ஒரு ரூபாய், அதற்குரிய 18 காசு வரியோடு சேர்ந்து, பைசா பிசகாமல் வாசல்படியில் திரும்பப் போய்விடுகிறது. பாட்டா மரபு சேலத்தில் கொடுத்ததை சில்லறைத் தட்டுப்பாடு ராசிபுரத்தில் வாங்கிக்கொள்கிறது. ஆன்லைனில் கட்டுபவர்கள் மட்டும் இதிலிருந்து தப்புகிறார்கள். இழப்பு எனக்கு மாதம் 1.18. அதற்குப் பதிலாக அந்தத் தம்பி வாசலில் நின்று ஐந்து நிமிடம் ஊர்ச்செய்தி சொல்கிறான். வரவு செலவு நேராகிவிட்டது என்றே பதிந்திருக்கிறேன்.

விலை தெரிந்தது. பயனை அளக்க ஓர் அலகு வேண்டும். இந்த மண்ணில் முட்டையைவிடப் பொருத்தமான அலகு வேறில்லை. நாமக்கல் முட்டை விலையை தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறபோது காசுக் கணக்கில்தான் சொல்வார்கள். ஐந்து காசு ஏறினால் ஊரே பேசும். இன்றைக்கு ஒரு முட்டை 500 காசு என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன மூன்று திட்டத்திலும் மாதத்துக்கு 3300 ஜிபி என்று ஒரு வரம்பு இருந்தது. என் திட்டத்திலும் அதே. 588.82-ஐ 3300-ஆல் வகுத்தால் ஒரு ஜிபி 17.84 காசு. ஒரு முட்டைக்கு 28 ஜிபி.

மலிவு! என்று மகன் கூவினான். இந்த இடத்தில்தான் ஆய்வாளன் ஏமாறக்கூடாது. 3300 ஜிபியை ஒரு குடும்பம் எப்படிச் செலவழிக்கும்? துல்லியமான படம் ஒரு மணி நேரம் ஓட 3 ஜிபி போகும் என்பது பொதுக் கணக்கு. மாதத்துக்கு 720 மணி நேரம். டிவியை அணைக்காமல், யாரும் தூங்காமல், சாவு வீட்டுக்குக்கூடப் போகாமல் பார்த்தாலும் 2160 ஜிபிதான் தீரும். இன்னொரு பாதி டிவி வாங்க வேண்டும். ஆகவே 3300 என்பது அன்னதான அறிவிப்பு. 'வயிறு நிறையச் சாப்பிடலாம்' என்று எழுதியிருக்கிறது, வயிறு நம்முடையது. எங்கள் வீட்டில் போன மாதம் உண்மையில் போனது 168 ஜிபி. 588.82-ஐ 168-ஆல் வகுக்க, ஒரு ஜிபி மூன்றரை ரூபாய். ஒரு முட்டைக்கு ஒன்றரை ஜிபிகூட இல்லை. 28 ஜிபி என்பது ஏட்டுச் சுரைக்காய்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 100 எம்பிபிஎஸ் வாங்கி யாராவது உண்மையாகவே இடைவிடாமல் முழு வேகத்தில் இழுத்தால் ஒரு நாளைக்கு 1080 ஜிபி போகும். மூன்றாம் நாள் தாண்டி நாலாம் நாள் விடிகாலையில் 3300 காலி. மிச்சம் 26 நாளைக்கும் கஞ்சித் தண்ணீர். 2020-இல் பி.எஸ்.என்.எல். 449 திட்டத்தில் வரம்பு தாண்டினால் 2 எம்பிபிஎஸ் என்றிருந்தது. 2023-இல் அரசு அதையே அகலக்கற்றையின் அடிமட்டமாக வைத்தது. யாருடைய கஞ்சி யாருக்குச் சோறானது என்று பாருங்கள்.

சரி, கள ஆய்வு. நோட்டும் பேனாவுமாகத் தெருவில் இறங்கினேன்.

எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு முட்டை வியாபாரி. அவருக்கு இணையம் எதற்கு என்று கேட்டேன். "விலை பாக்கத்தானுங்க" என்றார். வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும், அன்றைய விலை, மூன்று இலக்கம். அந்த வரியின் எடை ஒரு எம்பியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. அதை வைத்துக்கொண்டு அவர் லாரிக் கணக்கில் முட்டையை ஏற்றுவதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கிறார். அவர் பேரன் அதே லைனில் 80 ஜிபி விளையாட்டு ஒன்றை இறக்கி, இரண்டு நாள் ஆடிவிட்டு அழித்துவிட்டான். எடைக்கு எடை பார்த்தால் தாத்தாவின் செய்திக்கு விலையே போட முடியாது. பில்லில் இருவரும் ஒன்று.

பிறகு ஒரு லாரி உரிமையாளர். 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் தாண்டும் சரக்குக்கு இ-வே பில் வேண்டும். பாரம் ஏற்றி, தார்ப்பாய் கட்டி, டிரைவர் எலுமிச்சம்பழம் வைத்துக் கிளம்பும் நேரம் இணையம் போனால் வண்டி நிற்கும். அவர் என் நோட்டைப் பார்த்து, "300, 500 எல்லாம் எனக்கு என்னத்துக்குங்க? நான் வேணுங்கறப்ப அது இருந்தாச் சரி" என்றார். அப்போது இந்த வாக்கியத்தின் கனம் புரியவில்லை. 43-ஆம் பக்கத்தில் ஓரமாகக் குறித்துவைத்தேன்.

இளம்பிள்ளையில் சேலை விற்கும் என் மச்சான் மகள் வேறொரு கதவைத் திறந்தாள். யூடியூபில் நேரலையாகச் சேலையை விரித்துக் காட்டி விற்கிறவள் அவள். "மாமா, எல்லாரும் கீழ எறங்கறதையே பாக்கறாங்க. எனக்கு மேல ஏறணும்" என்றாள். படம் பார்ப்பவருக்கு இறக்கம் போதும். படம் காட்டுபவருக்கு ஏற்றம் வேண்டும். நோட்டீஸில் கொட்டை எழுத்தில் இருப்பது இறக்கம்தான், ஏற்றத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் முந்தானையில் உள்ள மயில் மங்கலாகத் தெரிந்தால் அந்தச் சேலை போகாது. ஏற்றம் குறைந்த லைனில் மயில் காக்கையாகிவிடுகிறது. இவள் ஒருத்திதான் இந்த ஆய்வில் எம்பிபிஎஸ் என்ற சொல்லுக்குப் பொருள் தெரிந்து பேசியவள்.

வீட்டுக்குள் நடத்திய சோதனை இன்னும் பயன் தந்தது. திட்டம் 50 எம்பிபிஎஸ். வேகம் பார்க்கும் செயலியை வைத்துக்கொண்டு அறை அறையாக நின்றேன். டப்பாவுக்குப் பக்கத்தில் 48. கூடத்தில் 41. சமையலறையில் 17. பின்கட்டில் 4. கட்டுத்தரையில் 0.6, எருமை மட்டும் சாட்சி. மாடியில் மகன் அறையில் 9. சிக்கல் கம்பெனியில் இல்லை, கான்கிரீட்டில் இருக்கிறது! டப்பா எங்கே இருக்கிறது என்றால், கூடத்து ஷோகேஸில், அவன் பள்ளியில் வாங்கிய வெண்கல ஷீல்டுகளுக்கும் தலையாட்டும் தஞ்சாவூர் பொம்மைக்கும் நடுவில். அவன் சாதனைகளே அவன் சிக்னலை மறைத்து நிற்கின்றன. 300 எம்பிபிஎஸ் போட்டாலும் அந்தத் தளத்தைத் துளைத்து மாடிக்கு எவ்வளவு போகும்? இருபது மீட்டர் லேன் ஒயர் வாங்கி ஜன்னல் வழியாக மேலே விட்டேன். மாடியில் 47. செலவு ஒரே ஒரு முறை, மாதா மாதம் அல்ல, வரியும் கடைக்காரரே சேர்த்துவிட்டார். மகன் இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. தோற்ற தரப்பின் மௌனம் என்று பதிந்தேன்.

ஆய்வு இத்துடன் முடிந்திருக்கும். ஒரு வைக்கோல் லாரி வராமல் இருந்திருந்தால்.

எங்கள் பக்கம் இழை அறுவதற்கான காரணங்களை எட்டு மாதம் குறித்திருக்கிறேன். அணில் கடித்தது இரண்டு. ஆடிக் காற்றில் தென்னை மட்டை விழுந்தது ஒன்று. சாக்கடை தோண்ட வந்த ஜேசிபி ஒன்று. மீதி எல்லாம் லாரி. உயரமாகப் பாரம் கட்டுவதும் ரிக் வண்டியின் கோபுரத்தைச் சாய்த்துக்கொண்டு தெருவில் திருப்புவதும் இந்த மண்ணின் தொழில்கள். பாடி கட்டுவது நாமக்கல், போர் போடுவது திருச்செங்கோடு. இவ்வளவு வண்டியையும் இரண்டு மின்கம்பத்துக்கு நடுவில் தொய்ந்து தொங்கும் ஒரு கண்ணாடி நூலையும் ஒரே தெருவில் வைத்துவிட்டு, வேகத்தைப் பற்றி ஆராய்கிறோம். சாமி ஊர்வலத்துக்கு மட்டும் இரண்டு பேர் கவைக்கோல் பிடித்து ஒயரைத் தூக்கிக்கொண்டே முன்னால் நடப்பார்கள். வைக்கோலுக்கு அந்த மரியாதை இல்லை.

லைன் போனால் ஆகும் நட்டம் எவ்வளவு? 588.82-ஐ மாதத்தின் 720 மணிக்குப் பங்கிட்டேன். மணிக்கு 81.78 காசு. முழுசாக்கினால் 82. (மாறிலி இங்கும் தலைகாட்டியதைக் கண்டு எனக்கு மெய்சிலிர்த்தது. இதைத் தற்செயல் என்று சொன்ன மகனின் கருத்தை ஏற்கவில்லை.) இரண்டு நாள் லைன் இல்லாவிட்டால் காகிதத்தில் நட்டம் 39 ரூபாய் 36 காசு, எட்டு முட்டைகூட இல்லை. ஆனால் அந்த இரண்டு நாளில் மகன் சம்பளம், சேலைக்காரியின் சந்தை, லாரிக்காரரின் டீசல். 43-ஆம் பக்க ஓரக்குறிப்பு அப்போதுதான் விளங்கியது. எம்பிபிஎஸ்ஸை அளந்தது வீண். அளந்திருக்க வேண்டியது, டப்பாவில் சிவப்பு விளக்கு எரிந்த நேரத்துக்கும் நம் கம்பத்தில் ஏணி சாய்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளி. இதை 'ஏணி நேரம்' என்கிறேன். எந்த நோட்டீஸிலும் இது இல்லை.

இதற்கு முன்பு வேறொரு கம்பெனி லைன் வைத்திருந்தோம், பெயர் வேண்டாம். விளக்கு சிவந்தால் ஒரு நம்பருக்கு அடிக்க வேண்டும். தமிழுக்கு ஓர் எண், புகாருக்கு ஓர் எண், இசைக்கு எண் எதுவும் தேவையில்லை, தானே வரும். பதினேழு நிமிடம் வீணை கேட்ட பிறகு ஒரு பெண் மிக மரியாதையாகப் பேசி, டப்பாவை அணைத்துப் போடச் சொல்வாள். மறுநாள் 'உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது' என்று குறுஞ்செய்தி வரும். சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் அதைப் படிப்போம். ஏணி நேரம் 71 மணி. இப்போதைய கேபிள்காரரின் ஆளுக்குப் போன் போட்டால் முருகன் பாட்டு ஒலிக்கும், பிறகு "பத்து நிமிசத்துல வந்தர்றனுங்க" என்பான். இந்தப் 'பத்து நிமிசம்' என்ற அலகைத் தனியே ஆராய்ந்தேன். ஒன்பது முறை சராசரி, 3 மணி 20 நிமிடம். ஆனாலும் வருகிறான்.

அன்று வைக்கோல் லாரி திரும்பியபோது மாலை ஐந்தரை. மாடியில் மகனுக்கு மீட்டிங். "போச்சு!" என்ற குரல் கேட்டது. நான் நோட்டை எடுத்து நேரத்தைக் குறிப்பதற்குள் மனைவி போனை எடுத்துவிட்டாள். அவள் போனில் அந்தப் பையன் பெயர் 'நெட் தம்பி'. "ஏந்தம்பி, லைட்டு செவப்பா எரியுது, வைக்கோல் வண்டி இழுத்துட்டுப் போயிருச்சு. வந்தீன்னா முறுக்கு சுட்டு வெச்சிருக்கறேன்."

நாற்பது நிமிடத்தில் வந்தான். எட்டு மாதத்தில் இல்லாத அளவு. முறுக்கை ஒரு மாறியாக என் ஆய்வில் சேர்க்காதது பெரும் பிழை.

கம்பத்தில் ஏறி அறுந்த இரண்டு முனையையும் இறக்கினான். பைக் சீட்டின் மேல் துண்டை விரித்து, அதன் மேல் டிபன் பாக்ஸ் அளவுள்ள ஒரு மிஷினை வைத்தான். கறுப்பு உறையைச் சீவி, உள்ளே இருந்த இழையின் மேல்பூச்சை வழித்து, ஸ்பிரிட் நனைத்த டிஷ்யூவால் இரண்டு தரம் துடைத்தான். மிஞ்சியது 125 மைக்ரான் கண்ணாடி, தலைமுடிக்குச் சற்றே பெரியது. வெளிச்சம் ஓடுவது அதற்குள்ளும் ஏறத்தாழ 9 மைக்ரான் நடுத்தண்டில். மூச்சுவிடாதீங்க என்று சொல்லவில்லை, நானாக நிறுத்திக்கொண்டேன். இரண்டு முனையையும் ஒரு கத்தியில் வைத்து டக் என்று வெட்டினான். மிஷினுக்குள் எதிரெதிரே வைத்து மூடினான். சின்னத் திரையில் இரண்டு தூண்கள் போல முனைகள் பெரிதாகத் தெரிந்தன. தானாகவே நகர்ந்து நேராகி, ஒரு நீலப்பொறி தட்டி, இரண்டும் ஒன்றாயின. எந்த இடத்தில் ஒட்டியது என்று தேடினேன், தெரியவில்லை. இழப்பு 0.02 என்று காட்டியது. சின்ன உறையை மேலே தள்ளிச் சூட்டில் சுருக்கினான். இன்னொரு கருவியை வீட்டுப்பக்க முனையில் செருகிப் பார்த்து, "மைனஸ் இருவதுங்க. முந்தி மைனஸ் இருவத்தேழுல இருந்திருக்குது, அதான் அப்பப்ப விட்டு விட்டு வந்திருக்கும். இப்ப நல்லாயிருச்சு" என்றான். குறையில் குறைவு நிறைவு என்ற இந்தக் கணக்கைப் பேரேட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

மாடியிலிருந்து, "வந்துருச்சுப்பா!"

டப்பாவில் பச்சை. நெட் தம்பி திண்ணையில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்தான். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. நோட்டைப் பிரித்து, மாறிலியின் நிறுவலையும் முட்டை அலகையும் ஏணி நேரச் சராசரியையும் அவனிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். படிப்பறிவுள்ளவன், ஐடிஐ முடித்தவன்.

"அதெல்லாஞ் சரிங்கய்யா. இந்த மாசத்து 590 இன்னும் வரலைங்களே."

600 கொடுத்தேன். சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தான்.

"பத்து ரூவா சில்லறை இல்லைங்க. அடுத்த மாசத்துல கழிச்சுக்கலாங்களா?"

சரி என்றேன். அவன் வண்டி தெரு முனை திரும்பியதும் நோட்டில் பதிந்தேன்: முன்பணம் 10 ரூபாய், மணிக்கு 82 காசு வீதம், 12 மணி 12 நிமிடம்.